மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால்: குழந்தை வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



"இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று டாக்டர் சொன்னதும் பெற்றோர் மனதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று எழும். பிள்ளைக்கு ஏதோ பெரிதாக வந்துவிட்டது என்ற பயம், அல்லது இந்த டாக்டர் கைகழுவி விட்டார் என்ற கோபம். பயந்தவர்கள் அந்தச் சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கோபப்பட்டவர்கள் வேறொரு கிளினிக்குக்குப் போய் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டிலும் வீணாவது குழந்தையின் நாட்கள்தான்.

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு இணைத்திருக்கும் தாள்களைப் புரட்டும்போது இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். முதல் டாக்டர் எழுதிக் கொடுத்த தேதிக்கும் அடுத்த டாக்டர் பார்த்த தேதிக்கும் நடுவே சில நேரம் மாதங்கள் கிடக்கின்றன. பணம் இல்லாததால் போன நாட்கள் அவற்றில் சில. எங்கே போவது, எவ்வளவு சீக்கிரம் போவது என்று தெரியாமல் போன நாட்கள் அவற்றைவிட அதிகம். ஆகவே இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம். இது டாக்டரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. டாக்டர் சொன்னதை விளங்கிக்கொண்டு உரிய நேரத்தில் செயல்பட உதவும் குறிப்பு.

1. டாக்டர் ஏன் அனுப்புகிறார்?

ஒரு டாக்டர் குழந்தையை வேறு இடத்துக்கு அனுப்பப் பொதுவாக நான்கு காரணங்கள் உண்டு. நோயை உறுதிசெய்யத் தேவையான பரிசோதனை அவரிடம் இல்லாதிருக்கலாம். இருதயம், நரம்பு, கண், காது என்று அந்தத் துறைக்கே உரிய நிபுணர் பார்க்க வேண்டியிருக்கலாம். இரவும் பகலும் கண்காணிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படலாம். அல்லது அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் அறுவை செய்வதும் தனிப் பயிற்சி வேண்டும் வேலைகள்.

குழந்தை என்பது சிறிய அளவில் உள்ள பெரியவர் அல்ல. மருந்தின் அளவு எடையைப் பொறுத்து மாறும். காலையில் விளையாடிய கைக்குழந்தை மாலைக்குள் மோசமாகிவிடலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் ஒரு வழிமுறையை உருவாக்கின. நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊழியர்களுக்கு அந்த முறையில் பயிற்சி தரப்படுகிறது. நோயின் அறிகுறிகளை அது மூன்று நிறங்களில் பிரிக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து கொடுத்து, குறித்த நாளில் மறுபடி பார்க்க வேண்டும். பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பே போதும். ஆக, அனுப்புவது டாக்டரின் இயலாமை அல்ல, அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. தன்னால் முடியாததை முடியாது என்று நேரத்தோடு சொல்லும் டாக்டர் நமக்கு நன்மையே செய்கிறார்.

2. அனுப்புவதில் மூன்று வேகங்கள்

எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் ஒரே வேகத்துக்கு உரியது அல்ல. "எத்தனை நாளைக்குள் போக வேண்டும்?" என்று கேட்காமல் டாக்டரின் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

முதல் வேகம், இப்போதே. பின்வருவன இருந்தால் சீட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். 108க்கு அழைத்து உடனே புறப்பட வேண்டும்.

• பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியாமை. குடித்ததெல்லாம் வாந்தியாகப் போதல்.
• வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம்.
• மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், உதடு நீலமாதல்.
• மிக வேகமான மூச்சு. அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்கக் கூடாது.
• 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும். அல்லது உடல் சில்லிட்டுப்போதல்.
• பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல்.
• டெங்கு காலத்தில், காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வு. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையும் நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம்.
• பொம்மை, ரிமோட்டில் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரியை விழுங்குதல். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அது புண்ணாக்கத் தொடங்கிவிடும்.
• ஆண் பிள்ளைக்கு விதைப்பையில் திடீரெனக் கடும் வலி. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். வெட்கத்தால் பிள்ளைகள் இதை மறைப்பார்கள். வெட்கப்படாமல் சொல்லும்படி முன்கூட்டியே அவர்களிடம் பேசி வையுங்கள்.

இரண்டாவது வேகம், இந்த வாரத்துக்குள். உயிருக்கு இன்றே ஆபத்து இல்லை, ஆனால் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் நோய்கள் இவை. நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது வேகம், நாள் குறித்து. தொப்புள் துருத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். டாக்டர் பார்த்து "இருக்கட்டும்" என்றால் இருக்கட்டும். அதன்மேல் நாணயம் வைத்துக் கட்ட வேண்டாம். ஆனால் தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம் வேறு. அது தானாகச் சரியாகாது. அறுவைக்கு சீக்கிரம் நாள் வாங்க வேண்டும். வீக்கம் கல்லுப்போல இறுகி, குழந்தை அழுது வாந்தி எடுத்தால் அது உடனே முதல் வேகத்துக்கு மாறிவிடும்.

3. கடிகாரம் ஓடும் நோய்கள்

மஞ்சள் காமாலை 14 நாட்களுக்கு மேல் நீடித்தால்: பிறந்த குழந்தைக்குக் காமாலை வருவது சகஜம், பெரும்பாலும் போய்விடும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இருந்தால், குழந்தையின் மலத்தையும் சிறுநீரையும் பாருங்கள். மலம் சுண்ணாம்புபோல வெளுத்தும், சிறுநீர் துணியில் கறை படியும் அளவுக்கு அடர் மஞ்சளாகவும் இருந்தால், கல்லீரலிலிருந்து பித்தம் வரும் குழாய் அடைபட்டிருக்கலாம். இதற்கான அறுவையைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதமானால் கல்லீரல் சுருங்கி, மாற்றுக் கல்லீரல் தேடும் நிலை வரும். நாற்பதாம் நாள் வரை வெளியே போகக் கூடாது என்று தாயையும் பிள்ளையையும் வீட்டில் வைத்திருக்கும் பழக்கம் இங்கே குறுக்கே நிற்கக் கூடாது. 60 நாளில் 40 நாளை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இருதயக் குறைபாடு: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தல், இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துதல், எடை ஏறாமை, அடிக்கடி நிமோனியா ஆகியவை அடையாளங்கள். இருதயத்தில் சிறு ஓட்டை என்றால் தானாக மூடிக்கொள்ளவும் கூடும். பெரிய ஓட்டையாக இருந்து நாள் கடந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதன் பிறகு ஓட்டையை அடைக்கும் அறுவையே செய்ய முடியாமல் போகும். ஆகவே எக்கோ எடுக்கச் சொன்னால் உடனே எடுங்கள்.

கண்: செல்ஃபோனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால், அன்றோ மறுநாளோ கண் டாக்டரிடம் காட்டுங்கள். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். நேரத்தோடு வந்தால் உயிரையும், பல சமயம் கண்ணையும் காக்க முடிகிற நோய் அது. 4 மாதத்துக்குப் பிறகும் மாறுகண் இருந்தால், "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடாதீர்கள். ஒதுங்கிய கண் அனுப்பும் காட்சியை மூளை படிப்படியாக ஏற்காமல் விட்டுவிடும். 7 வயதுக்கு முன் தொடங்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம்.

காதும் பேச்சும்: ஒரு மாதத்துக்குள் காது கேட்கும் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு வயதில் மழலையோ கை அசைத்தலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் "பால் வேணும்" போன்ற இரு சொல் பேச்சு இல்லை என்றால், முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பேசிய பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும். "அவன் அத்தாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்ற நன்னியின் சொல் அன்பானது. ஆனால் அது பரிசோதனைக்கு ஈடாகாது.

வளர்ச்சிப் படிகள்: 4 மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, 9 மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

வளைபாதம்: பிறந்த சில வாரங்களில் தொடங்கினால், வாரம் ஒரு மாவுக்கட்டாக மாற்றி மாற்றிப் போட்டு, குதிகால் நரம்பில் ஒரு சிறு வெட்டு மட்டும் செய்து நிமிர்த்திவிடலாம். பெரிய அறுவை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் கால் நிமிர்ந்த பின்பும் இரவில் போடும் சிறப்புக் காலணியை 4 வயது வரை விடக் கூடாது. விட்டால் மறுபடி வளையும்.

4. சுன்னத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

இது நம் சமுதாயத்துக்கே உரிய பாடம். சில ஆண் குழந்தைகளுக்கு சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறத்தில் இருக்கும். மேல்தோலும் முழுதாக மூடாமல் இருக்கும். "பிறக்கும்போதே சுன்னத் ஆகியிருக்கிறது" என்று சில வீடுகளில் மகிழ்வதும் உண்டு. ஆனால் இது அறுவையால் சரிசெய்ய வேண்டிய பிறவிக் குறை. சரிசெய்யும்போது அந்த மேல்தோலையே எடுத்துத் துவாரத்தை அமைக்கிறார்கள். முன்னமே சுன்னத் செய்து தோலை அகற்றிவிட்டால் பின்னால் டாக்டருக்கும் பிள்ளைக்கும் சிரமம். பொதுவாக 6 முதல் 18 மாதத்துக்குள் இந்த அறுவை செய்யப்படுகிறது. சுன்னத்தும் அதோடு சேர்ந்து நிறைவேறிவிடும்.

விதை பைக்குள் இறங்காமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். 6 மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் குழந்தை அறுவை நிபுணரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, ரத்தம் உறையாமை. தாய்வழியில் மாமா, பாட்டனார் யாருக்காவது சிறு காயத்துக்கும் ரத்தம் நிற்காமல் ஓடியதுண்டா? குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட இடம் பெரிதாகக் கன்றிப்போனதா? அப்படியென்றால் ரத்தம் உறையும் பரிசோதனை செய்யாமல் சுன்னத் செய்யவே கூடாது. உடலுக்குக் கேடு வரும் என்று அஞ்சும்போது தள்ளிப்போட மார்க்கம் இடம் தருகிறது. மண்டபம் பிடித்துவிட்டோம், பத்திரிகை அடித்துவிட்டோம் என்பது காரணம் ஆகாது.

5. சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

நல்ல பரிந்துரைக் கடிதம் அடுத்த டாக்டரின் பாதி வேலையைக் குறைக்கும். வாங்கியதும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: பெயர், வயது, எடை, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, பார்த்ததில் தெரிந்தது என்ன, செய்த பரிசோதனைகள், கொடுத்த மருந்து, அளவு, கொடுத்த நேரம், சந்தேகிக்கும் நோய், எந்தத் துறைக்கு அனுப்புகிறார், டாக்டரின் பெயர், முத்திரை, தேதி. இல்லாததைப் பணிவோடு கேட்டு வாங்கலாம். நம் மொழியில் கேளுங்கள்: "என்ன நோய் என்று சந்தேகப்படுகிறீர்கள்? எத்தனை நாளைக்குள் போக வேண்டும்? எந்தப் பிரிவில், எந்தக் கிழமை பார்ப்பார்கள்? போகும் வரை என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது? வழியில் எதைக் கண்டால் அவசரம்?"

அவசரமாக அனுப்பும்போது முதல் டோஸ் மருந்தை அங்கேயே கொடுத்து அனுப்புவதுண்டு. வழியில் குழந்தையைத் தாயின் உடம்போடு சேர்த்து வெதுவெதுப்பாக வையுங்கள். விழிப்பாக இருந்து குடிக்க முடிந்தால் தாய்ப்பால் தொடரட்டும். பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுங்கள். அறுவை இருக்கலாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது.

ஒரு ஃபைல் போடுங்கள். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, எடை குறித்த தாள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். பெற்றோர் நெருங்கிய உறவில் மணந்தவர்களா, முன்பு பிள்ளை தவறியதுண்டா என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அது குற்றம் சாட்டுவது அல்ல. நோயைக் கண்டுபிடிக்க அது வழி காட்டும்.

6. எங்கே போவது, செலவு என்ன?

தமிழ்நாட்டில் வழி இப்படி அமைந்திருக்கிறது: ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகளுக்கென்றே சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக 108 ஆம்புலன்ஸ் இலவசம். பச்சிளம் குழந்தைகளுக்கான வசதியோடு தனி வண்டிகளும் அதில் உண்டு. எங்கே போவது என்று சந்தேகம் இருந்தால் 104ல் ஆலோசனை கேட்கலாம்.

2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தை நம்மில் பலர் அறியவில்லை. பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தரும் திட்டம் இது. டாக்டர் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வரும். குறை கண்டால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காது, கண், பேச்சு, பிசியோதெரபி எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். நம் பிள்ளைகளில் பலர் தனியார் நர்சரிகளில் படிப்பதால் இந்தக் குழுவின் பார்வையில் படுவதில்லை. சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு நாமே அழைத்துப் போக வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இருதய அறுவையும், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதும் இதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதைவிட இன்றே பதிந்து வைப்பது நல்லது. தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், அது திட்டத்தில் சேர்ந்ததா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது கடினம்.

7. நாட்களைத் தின்னும் பேச்சுகள்

"அத்தா சவுதியிலிருந்து ஃபோன் பண்ணட்டும்." "பெருநாள் கழியட்டும்." "அமாவாசையா, வெள்ளிக்கிழமையா?" "ஒரு தடவை ஓதிப் பார்த்துவிட்டுப் போகலாம்." இவற்றில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் குழந்தையின் கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. வண்டியில் போகும்போதும் ஓதலாம். வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மார் இன்றே வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அவசரமென்றால் என்னைக் கேட்க வேண்டாம், கொண்டுபோங்கள்." அந்த ஒரு வார்த்தை ஓர் இரவை மிச்சப்படுத்தும்.

இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது தவறல்ல. ஆனால் அதே துறையில் தேர்ந்தவரிடம், அதே ஃபைலோடு, கெடுவுக்குள் கேளுங்கள்.

8. போய் வந்த பிறகு

நிபுணரைப் பார்த்ததோடு கடமை முடியாது. அவர் எழுதித் தந்ததை முதலில் அனுப்பிய டாக்டரிடம் காட்டுங்கள். அன்றாடம் பிள்ளையைப் பார்க்கப் போவது அவர்தான். அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அறுவை நன்றாக முடிந்தும், தொடர் பரிசோதனைக்குப் போகாததால் பலன் குறைந்துபோவதுண்டு.

சீட்டு கையில் இருந்தும் போக வழி தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். படிவம் நிரப்பவும், வழிச்செலவுக்கும், கூட ஒருவர் வரவும் இயன்றதைச் செய்வோம். ஆனால் மனுவின் முடிவு வரட்டும் என்று பயணத்தை நிறுத்தி வைக்காதீர்கள். முதலில் புறப்படுங்கள், மனு பின்னால் வரட்டும்.

வீட்டில் கலந்து பேச:

1. நம் வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது எழுதிக் கொடுத்த சீட்டு போகாமலே கிடக்கிறதா? அதன் தேதி என்ன?
2. தடுப்பூசி அட்டையும் பிரசவத் தாள்களும் எங்கே இருக்கின்றன?
3. இரவில் அவசரம் என்றால் யார் முடிவெடுப்பது, யார் கூடப் போவது?
4. காப்பீட்டு அட்டை எடுத்தாயிற்றா?
5. சுன்னத் செய்யவிருக்கும் பிள்ளையை டாக்டர் ஒரு முறை பார்த்தாரா?

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக, ஆமீன்.